வாடகைக் கடையில் சொந்தமானது பெயர் மட்டுமே

பினாங்கு ஜார்ஜ்டவுன் மார்க்கெட் தெருவில் காலை 10 மணிக்கு நடந்து பாருங்கள். ஒரு பக்கம் துணிக்கடையில் புது ரகச் சேலைகளை வாசலில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் மசாலை வாசம் மூக்கைத் துளைக்கும். பூக்கடைக்காரர் மாலை கட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தெருவுக்குள் கையில் மடிக்கணினியோடு ஓர் இளைஞர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பர நிறுவனம் ஒன்றில் 8 ஆண்டுகள் வேலை பார்த்தவர். போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகப் பிராண்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். கடை முதலாளி அவரிடம் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்?

"தம்பி, ஒரு லோகோ போட்டுக் கொடுக்க எவ்வளவு?"

இளைஞர் 300 வெள்ளி என்கிறார். முதலாளி 150 என்கிறார். அடுத்த தெரு அச்சகத்தில் பெயர் அட்டை அடித்தால் லோகோ இலவசம் என்றும் சொல்கிறார். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இப்படித் தலைகுனிந்து வெளியே வரும் நம் பிள்ளைகள் உண்மையிலேயே இருக்கிறார்கள். திறமை இருக்கிறது. படிப்பு இருக்கிறது. கைக்காசைப் போட்டு அலுவலகமும் எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்தான் வரவில்லை. தனியாக நின்று பிராண்டு ஆலோசனைத் தொழில் நடத்த முடியுமா? புதிய வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? இந்த வாரக் கருத்துக்களத்தின் கேள்வி இதுதான்.

விலாசம் தெரிந்த இனம்

பிராண்டு என்றதும் பலருக்கும் ஒரு படமும் நாலு எழுத்தும்தான் நினைவுக்கு வருகின்றன. அது சின்னம். பிராண்டு என்பது அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் வாங்குபவர் மனத்தில் எழும் நம்பிக்கை. "இந்தக் கடையா? கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒரு தாய் தன் மகளிடம் சொல்கிறாரே, அதுதான் பிராண்டு. அந்த நம்பிக்கை எதனால் வந்தது, எங்கே குறைகிறது, எப்படிக் காப்பது, எப்படி அடுத்த ஊருக்கும் கொண்டுபோவது என்று சொல்பவரே பிராண்டு ஆலோசகர்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார்களுக்கு ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'விலாசம்' இருந்தது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த எழுத்து வரிசை அது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் அந்த எழுத்துகளைப் பார்த்தே உண்டியலுக்குப் பணம் கொடுத்தார்கள். ஆளை நேரில் பார்த்திராதவர்கூட விலாசத்தை நம்பினார். அந்தப் பெயர் கெட்டுவிடாமல் காப்பதற்குக் குடும்பமே கட்டுப்பட்டு நடந்தது. பிராண்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

கட்டடம் போனாலும் நிற்பது எது?

ஜார்ஜ்டவுன் வியாபாரிகளுக்குப் பெயர் ஏன் உயிர்நாடி என்பதற்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக்கு முன்பு கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. பழைய கடைவீடுகள் நிறைந்த ஜார்ஜ்டவுனில் பல சிறு வியாபாரிகள் அந்தக் குறைந்த வாடகையின் நிழலில்தான் தொழில் நடத்தினார்கள். அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றாக விலகியது. பிறகு 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்தது. சுற்றுப்பயணிகள் பெருகினார்கள். கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறத் தொடங்கின.

இதில் வாடகைக்குக் கடை நடத்துபவரின் நிலை என்ன? சுவர் அவருடையது அல்ல. கூரை அவருடையது அல்ல. ஐந்தடி நடைபாதையும் அவருடையது அல்ல. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் அவர் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை சரக்கும், கைத்தொழிலும், பெயரும்தான். சரக்கு விற்றுப்போகும். கைத்தொழிலை அடுத்தவரும் கற்றுக்கொள்ளலாம். மிஞ்சுவது பெயர். கேம்பல் தெருவில் 1907ஆம் ஆண்டு முதல் என்று சொல்லி நாசி கண்டார் விற்கும் ஹமீதியா உணவகத்தைப் பாருங்கள். நூறாண்டுக்கும் மேலாக மக்கள் வாயில் ஒரு பெயர் நின்றுவிட்டால், அதன் மதிப்பு எந்தச் சட்டி பானையின் மதிப்பையும் விடப் பெரியது.

ஆக, மார்க்கெட் தெருவில் தலைகுனிந்து வெளியே வந்த நம் இளைஞர் வேறொரு கேள்வியோடு உள்ளே போயிருக்க வேண்டும். "ஐயா, நாளைக்கே இந்தக் கடையைக் காலி செய்யச் சொன்னால், உங்கள் வாடிக்கையாளர் உங்களை எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவார்?" இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எந்த முதலாளியும் 150 வெள்ளியைப் பற்றிப் பேசமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்கார் தம்பி, தேத்தண்ணி குடிக்கிறியா?" என்பார்.

முதல் சந்திப்பில் படம் வேண்டாம்

புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, போனவுடன் தங்கள் பழைய வேலைகளைக் காட்டுவது. 40 பக்கம் படங்கள். முதலாளி இரண்டு பக்கம் பார்ப்பார். மூன்றாவது பக்கத்தில் கைத்தொலைபேசி அடிக்கும். காரணம் எளிது. அவருக்கு வேண்டியது அவருடைய சிக்கலுக்கு விடை. ஆலோசகரோ தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருத்துவர் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகா நாடி பார்க்கிறார்? நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பில் கேட்பார், கேட்பார், மேலும் கேட்பார். வாரத்தில் வருபவர்களில் பழைய முகங்கள் எத்தனை? கடந்த ஓராண்டில் எந்தப் பொருளின் விற்பனை குறைந்தது? வருபவர்கள் கடையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களா, பொருளைச் சொல்லிக் கேட்கிறார்களா? இதே பெயரில் வேறு ஊரில் யாரும் வியாபாரம் செய்கிறார்களா? மகனோ மகளோ தொழிலை எடுத்து நடத்துவார்களா?

எடுத்துக்காட்டாக ஒரு மசாலைக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி புது லோகோ கேட்கிறார். ஆலோசகர் 3 நாள் கடையில் உட்கார்ந்து பார்க்கிறார். வருகிற தாய்மார்கள் கடையின் பெயரைச் சொல்வதே இல்லை. "அந்த மஞ்சள் பாக்கெட் குழம்புத் தூள் கொடுங்க" என்கிறார்கள். பாக்கெட்டில் பெயர் எறும்பு அளவில் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் இன்னொரு வியாபாரி அதே மஞ்சளில் ஒரு பாக்கெட் கொண்டுவந்துவிட்டார். இப்போது சிக்கல் எது என்று தெரிகிறதல்லவா? லோகோவை மாற்றினால் இருக்கும் அடையாளமும் போய்விடும். மஞ்சள் நிறத்தைத் தொடக்கூடாது. பெயரைப் பெரிதாக்க வேண்டும். அதைச் சட்டப்படி பதிய வேண்டும். "மாற்றாதீர்கள்" என்று சொல்லத் தெரிந்தவரே ஆலோசகர். அந்த ஒரு சொல்லுக்குத்தான் கட்டணம்.

இப்படி நாடி பார்க்கும் வேலையைத் தனியாகப் பிரித்து, அதற்கென ஒரு சிறு கட்டணம் வைப்பது நல்லது. முதலாளிக்கும் பெரிய தொகையில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. ஆலோசகருக்கும் உழைப்பு வீண் இல்லை. அறிக்கை பிடித்திருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பிடிக்காவிட்டால் இருவரும் நட்போடு பிரியலாம்.

எல்லாருக்கும் எல்லாம் செய்பவர் யாருக்கும் நினைவில்லை

புதிதாகத் தொடங்கும் ஆலோசகர் பெயர் அட்டையில் லோகோ, இணையத்தளம், பதாகை, திருமண அழைப்பிதழ், டி-சட்டை என்று அத்தனையும் அச்சடிக்கிறார். வாய்ப்பு கூடும் என்ற நினைப்பு. ஆனால் நடப்பது நேர்மாறு. எல்லாம் செய்பவரை எதற்காக நினைவில் வைப்பது?

சென்னையில் ஆர்.கே. சுவாமி என்ற தமிழர் செய்ததை நினைத்துப் பாருங்கள். ஹிந்துஸ்தான் தாம்ஸன் என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருந்தவர், அதைவிட்டு வெளியே வந்து 1973இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைக்கு இந்திய விளம்பரத் தொழிலின் தலைநகரம் பம்பாய். சோப்பும் பற்பசையும் விற்கும் நிறுவனங்களைச் சுற்றியே போட்டி. ஆர்.கே. சுவாமி அரசுடைமைத் தொழில் நிறுவனங்களின் பக்கம் திரும்பினார். இரும்பும் இயந்திரமும் செய்பவர்களுக்கு விளம்பரம் எதற்கு என்று மற்றவர்கள் நினைத்த காலத்தில், அவர்களுக்கும் மக்களிடம் சொல்லச் செய்தி உண்டு என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி. அவர் 2003இல் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2024 மார்ச்சில் இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. கூட்டம் நிற்கும் வாசலில் வரிசையில் நிற்காமல், ஆள் இல்லாத வாசலைத் தட்டியதுதான் அவர் கற்றுத்தரும் பாடம்.

பினாங்கில் அப்படிப்பட்ட வாசல்கள் எவை? பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் பத்து காவானிலும் பெரிய மின்னணு ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. நல்ல பொருள் செய்கிறார்கள். தங்களைப் பற்றி ஒரு பக்கம் ஒழுங்காக எழுதத் தெரியாது. உணவகங்கள் இருக்கின்றன. நகைக்கடை, துணிக்கடை இருக்கின்றன. பல் மருத்துவமனை, பாலர் பள்ளி, மரபுடைமைக் கட்டடங்களில் நடக்கும் சிறு விடுதிகள் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்து, அந்தத் தொழிலின் சந்துபொந்துகளை எல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். "உணவகப் பெயர்ச் சிக்கலா? அதற்கு அந்தத் தம்பிதான்" என்று நாலு பேர் சொல்லும் நாள், தொழில் நின்றுவிட்ட நாள்.

பட்டியல் போட்ட அடுப்பு வியாபாரி

உலகப் புகழ்பெற்ற விளம்பரக்காரர் டேவிட் ஓகில்வி ஒரு காலத்தில் பாரிஸ் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர். பிறகு ஸ்காட்லாந்தில் வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர். 1948இல் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கினார். தொடங்கிய சில மாதங்களிலேயே, எந்தெந்த நிறுவனங்களைத் தன் வாடிக்கையாளராக்க வேண்டும் என்று ஐந்து பெயர்களைப் பட்டியல் போட்டார். ஜெனரல் ஃபூட்ஸ், பிரிஸ்டல் மையர்ஸ், கேம்பல் சூப், லீவர் பிரதர்ஸ், ஷெல். அன்றைக்கு அது பேராசை. ஆனால், காலப்போக்கில் ஐந்தும் அவரிடம் வந்து சேர்ந்தன.

இடையில் என்ன செய்தார்? கையில் வந்த சிறிய வேலையைப் பெரிய வேலைபோல் செய்தார். ஹாத்தவே என்ற சிறு சட்டை நிறுவனத்துக்காக 1951இல் அவர் போட்ட விளம்பரத்தில், சட்டை அணிந்த மனிதர் ஒரு கண்ணில் கறுப்புத் திரை கட்டியிருந்தார். யார் இவர், கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். சட்டையும் விற்றது, ஓகில்வியின் பெயரும் பரவியது. சிறிய வாடிக்கையாளர் என்று அலட்சியம் செய்தால் பெரிய வாடிக்கையாளர் வரும் வழி அடைபட்டுவிடும்.

பினாங்கில் தொடங்குபவரும் 20 பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியலை எழுதி மேசைமுன் ஒட்டிவைக்கலாம். மாதம் ஒரு முறை அதைப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த மாதம் என்ன செய்தோம் என்று குறித்துக்கொள்ளலாம். சில நேரம் ஒரு கடிதம். சில நேரம் அவர்கள் கடையில் பொருள் வாங்கிப் பார்ப்பது. காலமும் பார்த்துப் போக வேண்டும். தீபாவளிக்கு முந்திய மாதம் லிட்டில் இந்தியாவில் முதலாளிக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. அப்போது போய்ப் பிராண்டு பேசினால் யார் கேட்பார்? பண்டிகை முடிந்து, கணக்குப் பார்க்கும் வாரத்தில் போங்கள். எது விற்றது, எது தேங்கியது என்ற கவலை அப்போதுதான் அவர் மனத்தில் இருக்கும்.

பாயான் லெப்பாஸ் சில்லுக்குப் பெயர் வைத்தவர்கள்

தனித்து இயங்கும் ஒரு சிறிய நிறுவனம் உலகப் பெரும் நிறுவனத்துக்கு உதவ முடியுமா? பினாங்கு மக்களுக்கு நன்கு பழக்கமான ஓர் எடுத்துக்காட்டே இருக்கிறது. இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கியது. அதன் கணினிச் சில்லுகளுக்கு 286, 386, 486 என்று எண்களே பெயராக இருந்தன. போட்டி நிறுவனமும் 386 என்றே விற்கத் தொடங்கியது. இன்டெல் வழக்குக்குப் போனது. 386 என்ற எண்ணை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1991இல் கூறிவிட்டது.

அடுத்த சில்லுக்கு யாரும் எடுத்துக்கொள்ள முடியாத ஒரு பெயர் வேண்டும். அந்த வேலைக்கு இன்டெல் நாடியது லெக்சிகன் என்ற நிறுவனத்தை. டேவிட் பிளாசெக் என்பவர் 1982இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தொழிலே பெயர் வைப்பதுதான். ஐந்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'பென்டே'யிலிருந்து பிறந்த 'பென்டியம்' என்ற பெயர் 1992இல் அறிவிக்கப்பட்டது. 1993இல் சில்லு சந்தைக்கு வந்தது. பிற்காலத்தில் பிளாக்பெர்ரி என்ற பெயரையும் தந்தவர்கள் இவர்களே. அவர்கள் விளம்பரம் எடுக்கவில்லை, பதாகை அடிக்கவில்லை. ஒரே ஒரு வேலையில் ஊன்றி நின்றார்கள். பெரிய நிறுவனம் தேடி வந்தது.

சட்டம் தெரிந்தவருக்கே மரியாதை

அந்த வழக்கின் பாடம் மார்க்கெட் தெருவுக்கும் பொருந்தும். நம் வியாபாரிகள் பலர், மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் கடையைப் பதிந்துவிட்டால் பெயர் தங்களுக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். அது வியாபாரப் பதிவு மட்டுமே. பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை வேண்டுமானால், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் வர்த்தகச் சின்னமாகப் பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 27இல் நடப்புக்கு வந்தது. ஒரு முறை பதிந்தால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலைத் தூள் 30ஆம் வகை. உணவகச் சேவை 43ஆம் வகை. உணவகம் நடத்துபவர் மசாலையும் பாக்கெட் போட்டு விற்க நினைத்தால், இரண்டு வகையிலும் பதிய வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லும் ஆலோசகரை முதலாளி மறக்கமாட்டார்.

கடைப் பலகைக்கு மாநகர் மன்ற உரிமம் வேண்டும். அதில் தேசிய மொழி இடம்பெற வேண்டும். மரபுடைமைப் பகுதியில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். பலகையைச் செய்து மாட்டிய பிறகு கழற்றச் சொன்னால் யாருக்கு நட்டம்? அழகை மட்டும் பார்க்காமல் இதையும் பார்ப்பவரே முழு ஆலோசகர்.

ஆலோசகர் தன் வீட்டையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். தனியாள் தொழிலானாலும், தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிவது கட்டாயம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. இதைக்கூடச் செய்யாதவர் அடுத்தவரிடம் போய்ப் பெயரைக் காப்பாற்றச் சொன்னால் யார் நம்புவார்?

இலவசம் என்னும் படுகுழி

"முதலில் இரண்டு மூன்று மாதிரி போட்டுக் காட்டு தம்பி, பிடித்திருந்தால் காசு தருகிறேன்." இந்தப் பேச்சைக் கேட்காத வடிவமைப்பாளரே இல்லை. மாதிரி போட்டால் என்ன ஆகும்? சிந்தனை முழுவதும் அந்த மாதிரியில் போய்விடும். முதலாளி அதை வாங்கி அச்சகத்தில் கொடுத்துக் குறைந்த விலையில் முடித்துக்கொள்ளலாம். அவரையும் குறை சொல்ல முடியாது. இலவசமாகக் கொடுத்ததை அவர் இலவசமாக எடுத்துக்கொண்டார்.

கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? குடும்பச் செலவும் அலுவலகச் செலவும் சேர்ந்து மாதம் 6,000 வெள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 72,000. மாதம் முழுவதும் காசு வரும் வேலை இருக்காது. வாடிக்கையாளரைத் தேடுவது, கணக்கு எழுதுவது, படிப்பது போக மாதம் 12 நாள்தான் தேறும். ஆண்டுக்கு 144 நாள். அப்படியானால் ஒரு நாளின் அடக்கவிலையே 500 வெள்ளி. வேலையில் இருந்தபோது முதலாளி கட்டிய ஊழியர் சேமநிதிப் பங்கும் இப்போது சொந்தப் பொறுப்பு. அதையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் 150 வெள்ளிக்கு 5 நாள் உழைக்கமாட்டார்.

வேலை தொடங்குமுன் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் எவ்வளவு, இடையில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு. எத்தனை முறை திருத்தம். எந்த நாளில் ஒப்படைப்பு. இன்னொன்றும் முக்கியம். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு இன்னொருவர் செய்துகொடுத்த படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் செய்யச் சொன்னவருக்கே போய்விடும். கடைசித் தவணை கட்டிய பிறகே உரிமை மாறும் என்று எழுதிக்கொண்டால், பாக்கிப் பணத்துக்காக அலையும் நிலை குறையும்.

ஓகில்வியும் 1960இல் ஷெல் நிறுவனத்தைப் பெற்றபோது, விளம்பரச் செலவில் தரகு வாங்கும் பழைய முறையை விட்டு, செய்யும் வேலைக்கு நேரடிக் கட்டணம் என்ற முறைக்கு மாறினார். ஆலோசகர் வாய்திறந்து தன் கட்டணத்தைச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

வேலை இருக்கும்போதே தேட வேண்டும்

தனித்து நடத்துபவர்கள் விழும் இன்னொரு குழி இது. பெரிய வேலை ஒன்று கிடைத்துவிடுகிறது. 6 மாதம் வேறு எதையும் பார்ப்பதில்லை. அந்த வேலை முடிந்ததும் கையில் ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வந்தால், அது தொழில் அல்ல. சம்பளச் சீட்டு இல்லாத வேலை. அவர் ஒரு நாள் கையை விரித்தால் வீட்டு அடுப்பு அணைந்துவிடும்.

வாரத்தில் ஒரு முற்பகலைப் புதிய வாடிக்கையாளருக்கென்றே ஒதுக்கிவையுங்கள். எத்தனை வேலை இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. முடித்துக்கொடுத்த வேலைகளை 6 மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். "ஐயா, பாக்கெட் மாற்றிய பிறகு விற்பனை எப்படி?" என்று கேளுங்கள். நன்றாக இருந்தால், "உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது இதே சிக்கல் இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வி. முதலாளி ஒருவர் இன்னொரு முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லும் ஒரு வார்த்தை, ஆயிரம் துண்டறிக்கைக்குச் சமம். நன்றாக இல்லாவிட்டால்? அதையும் கேட்டுச் சரிசெய்து கொடுங்கள். விட்டுவிட்டு ஓடாதவர் என்ற பெயரும் ஒரு மூலதனமே.

வர்த்தகச் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது பெயர் அட்டை விநியோகிப்பதோடு நிற்காமல், வர்த்தகச் சின்னப் பதிவு பற்றி அரைமணி நேரம் விளக்க முன்வாருங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது மறுநாள் அழைப்பார். அதே வேளையில், ஒரே தெருவில் போட்டி போடும் இரண்டு நகைக்கடைகளுக்கு ஒரே நேரத்தில் ஆலோசனை சொல்லாதீர்கள். ஒரு முதலாளியின் கணக்கை இன்னொரு முதலாளியிடம் வாய்தவறியும் பேசாதீர்கள். பினாங்கு சின்ன ஊர். காலையில் மார்க்கெட் தெருவில் சொன்னது மாலைக்குள் பிறைக்குப் போய்விடும்.

பொறுமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லியாக வேண்டும். சுஜாதா கேசவன் 1989இல் பெங்களூரில் தொடங்கிய ரே அண்ட் கேசவன் என்ற வடிவமைப்பு நிறுவனம், இந்தியாவில் போட்டியே இல்லாத காலத்தில் பிறந்தது. போட்டி இல்லாதபோது எந்த முதலாளி வடிவமைப்புக்குச் செலவு செய்வார்? 1991இல் பொருளாதாரக் கதவு திறந்தது. வெளிநாட்டுப் பொருள்கள் வந்தன. உள்நாட்டு நிறுவனங்களுக்குத் தங்கள் முகத்தைத் திருத்திக்கொள்ளும் தேவை வந்தது. அப்போது தொழில் தெரிந்து தயாராக இருந்தது அந்த நிறுவனம். 2006இல் உலகப் பெரும் விளம்பரக் குழுமமான டபிள்யூ.பி.பி. அதை வாங்கிக்கொண்டது. காற்று வரும்வரை காத்திருக்கக் கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும். குறைந்தது 6 மாதச் செலவுக்காவது வைத்துக்கொண்டு வேலையை விடுவது அறிவுடைமை.

கடைசியாக ஒன்று. முதலாளிக்குச் சொல்லும் பாடம் ஆலோசகருக்கும் பொருந்தும். அவருடைய அலுவலகமும் வாடகைதான். மடிக்கணினி பழசாகிவிடும். மென்பொருளை இன்னொருவரும் கற்றுக்கொள்வார். இன்றைக்குக் கணினியே நொடியில் நூறு லோகோ போட்டுத் தருகிறது. அவரிடம் மிஞ்சுவதும் பெயர் ஒன்றுதான். சொன்ன நாளில் கொடுப்பவர், தேவையில்லாததை விற்காதவர், முதலாளியின் இரகசியத்தைக் காப்பவர் என்ற பெயர். அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டவரிடம் மார்க்கெட் தெரு முதலாளி லோகோ எவ்வளவு என்று கேட்கமாட்டார். "தம்பி, எப்போது வருகிறாய்?" என்றுதான் கேட்பார்.